இரண்டு ஸ்மித்துகள்

நல்லவன் ஒருவன் நாடாளும் மன்றத்தில் நுழைந்துவிட்டால் போதும், நாட்டின் நோயெல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உளர். அரியணையில் மன்னன் வீற்றிருந்த நாளில் நல்ல மன்னன் வருவான் என்று காத்திருந்தனர். வாக்குச் சீட்டு கைக்கு வந்த பின்னும் அந்தக் காத்திருப்பு ஓயவில்லை. அந்த எண்ணத்துக்கு அமெரிக்கா எழுப்பிய அழகு மாளிகை ஒன்று உண்டு. 1939ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த திரைப்படம் அது. 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' என்பது பெயர். ஸ்மித் வாஷிங்டனுக்குப் போகிறார் என்பது பொருள். இயக்கியவர் பிராங்க் காப்ரா. ஸ்மித்தாக நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அமெரிக்க மக்களாட்சியின் மாண்பை விளக்கும் படம் என்று தலைமுறை தலைமுறையாகப் புகழப்பட்டு வருவது. அந்தப் புகழை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஏதோ ஒரு மாநிலம். அதன் செனட்டர் இருவரில் ஒருவர் இறந்துவிடுகிறார். அந்த இடத்துக்கு ஆளை நியமிக்க வேண்டியவர் ஆளுநர் ஹாப்பர். ஆளுநரோ வெறும் பொம்மை. ஆட்டும் கயிறு ஜிம் டெய்லர் என்பவன் கையில். டெய்லருக்குப் பதவி கிடையாது, பட்டம் கிடையாது. ஆனால் பணம் இருக்கிறது, பத்திரிகைகள் இருக்கின்றன, ஆளுநர் இருக்கிறார், செனட்டரும் இருக்கிறார். வில்லட் ஓடையில் அணை கட்டும் திட்டத்தை, அரசின் செலவு மசோதா ஒன்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது அவன் கூட்டம். ஓடையைச் சுற்றியுள்ள நிலத்தை முன்கூட்டியே பிறர் பெயரில் வாங்கிப் போட்டாயிற்று. அணை எழுந்தால் மக்களின் வரிப்பணம் அவர்கள் மடியில் விழும். துணை நிற்பவர் மாநிலத்தின் மற்றொரு செனட்டரான ஜோசப் பெய்ன். முன்னாளில் கொள்கை வீரர், இந்நாளில் டெய்லரின் கையாள்.

சூது அறியாத ஒருவன் தேவைப்பட்டான். சிறுவர் படை ஒன்றின் தலைவனான ஜெபர்சன் ஸ்மித் கிடைத்தான். அவனோ சிறுவர்களுக்கு முகாம் அமைக்க மசோதா கொண்டு வருகிறான். அவன் கேட்கும் இடமும் அதே வில்லட் ஓடை! மூண்டது மோதல். அந்த நிலமே ஸ்மித்துடையது என்று போலிப் பத்திரம் காட்டிப் பழி சுமத்துகின்றனர். பதவி பறிபோகும் வேளையில் எழுந்து பேசத் தொடங்குகிறான் ஸ்மித். ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் பேசுகிறான். தொண்டை கம்முகிறது, கால் தள்ளாடுகிறது, மயங்கி வீழ்கிறான். அதைக் கண்ட பெய்னின் உள்ளம் உடைகிறது. தன்னைத் தானே சுட்டுக்கொள்ள முயல்கிறார், தடுக்கப்படுகிறார், சபைக்குள் ஓடிவந்து, குற்றவாளி நானே என்று கூவுகிறார். வாய்மை வென்றது. படம் முடிகிறது.

குறை காணப் புகுமுன் நிறையைச் சொல்லுவது நேர்மை. நடிப்பு மிக நன்று. செனட் மண்டபத்தை அச்சு அசலாகப் படப்பிடிப்புக் கூடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். ஸ்மித்தின் செயலாளராக வரும் சாண்டர்ஸ் என்னும் பெண், ஒரு மசோதா சட்டமாகுமுன் எத்தனை படி ஏற வேண்டும், எத்தனை குழுவில் சிக்க வேண்டும் என்று அவனுக்கு விளக்கும் காட்சி, பாடப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைப் பளிச்செனச் சொல்கிறது. பத்திரிகைகள் அத்தனையும் டெய்லரின் பிடியில் இருக்க, சிறுவர்கள் தாமே ஏடு அச்சிட்டுத் தெருத்தெருவாக வழங்குவதும், டெய்லரின் ஆட்கள் அவர்களைத் தாக்குவதும் மறக்க முடியாதவை.

ஸ்மித்தை அடக்கக் கூடை கூடையாகத் தந்திகளைக் கொண்டுவந்து கொட்டும் காட்சியும் கற்பனையென்று தள்ளத் தக்கதன்று. 1935ஆம் ஆண்டில், மின்சாரக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் மசோதா காங்கிரசுக்கு வந்தபோது, அதை எதிர்த்து ஆயிரக்கணக்கில் தந்திகள் குவிந்தன. செனட்டர் ஹ்யூகோ பிளாக் தலைமையில் விசாரித்தார்கள். ஊர்ப் பெயர்ப் பட்டியலிலிருந்து பெயர்களைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் அறியாமலே அவர்கள் பெயரில் கம்பெனி ஆட்கள் அனுப்பிய தந்திகள் பல என்று தெரிந்தது. மக்கள் குரலையே போலியாகச் செய்து விற்கும் தொழில் அது. அதைத் திரையில் காட்டிய துணிவைப் பாராட்டுகிறோம்.

படம் வெளிவந்த நாளில் செனட்டர்கள் சீறினர். பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் பார்க்லி கண்டித்தார். பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் கென்னடி, ஐரோப்பாவில் இதைத் திரையிடலாகாது என்று எழுதினார். செனட்டை இழிவாகக் காட்டிவிட்டது என்பது அவர்கள் கண்ட குறை. நாம் காணும் குறை வேறு. செனட்டின் நோயை இப்படம் இருப்பதினும் சிறியதாகக் காட்டிவிட்டது என்கிறோம்.

முதற் கேள்வி: இந்தப் படத்தில் வாக்காளர் எங்கே?

மக்களாட்சியைப் போற்றும் படம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கதையில், மக்கள் வாக்களித்து ஸ்மித்தைத் தேர்ந்தெடுக்கும் காட்சி இல்லை! ஸ்மித் எப்படிச் செனட்டரானான்? ஆளுநர் காசைச் சுண்டுகிறார். பூவா தலையா என்று பார்த்தால், காசு புத்தகத்தின் மேல் சாய்ந்து விளிம்பில் நிற்கிறது. பக்கத்தில் ஸ்மித்தைப் பற்றிய செய்தித்தாள் கிடக்கிறது. உடனே நியமனம்! நகைச்சுவைக்காக வைத்தார்கள், நாம் சிரித்துவிட்டு யோசிக்கிறோம்.

செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அமெரிக்கப் பொதுமக்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. 1787இல் எழுதிய அரசமைப்பு, அந்த உரிமையை மாநிலச் சட்டமன்றங்களிடம் ஒப்படைத்தது. விளைவு? மாண்டானா மாநிலத்தில் வில்லியம் கிளார்க் என்னும் செப்புச் சுரங்கச் செல்வர், 1899இல் சட்டமன்றத்தாரைப் பணத்தால் வளைத்துச் செனட்டரானார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. செனட் குழு அவர் தேர்தல் செல்லாது என்று முடிவு கூற, 1900இல் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே மீண்டும் செனட்டரானார்! இல்லினாய் மாநிலத்தின் லோரிமர் தேர்தல் 1912இல் செல்லாததென்று தள்ளப்பட்டது. பத்திரிகைகள் எழுதின, மாநிலங்கள் கிளர்ந்தன, பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1913இல் 17ஆம் திருத்தம் நிறைவேறியது. செனட்டரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாயினர். இடையில் காலியாகும் இடத்துக்கு ஆளுநர் தற்காலிகமாக நியமிக்கலாம் என்ற இடுக்கு மட்டும் அதில் நின்றது. அந்த இடுக்கின் வழியாகத்தான் காப்ரா தம் கதாநாயகனை உள்ளே அனுப்புகிறார். மக்கள் போராடிப் பெற்ற பெருவாயில் திறந்திருக்க, காசு சுண்டும் கதவே அவருக்குப் போதுமாயிற்று.

இரண்டாம் கேள்வி: கட்சி எங்கே?

ஸ்மித் எந்தக் கட்சி? தெரியாது. பெய்ன் எந்தக் கட்சி? சொல்லவில்லை. மாநிலத்தின் பெயரேனும்? அதுவும் இல்லை. ஒருவரையும் புண்படுத்தாமல் எல்லாரிடமும் நுழைவுச் சீட்டு விற்கலாம் என்று பட முதலாளிகள் கருதியிருக்கக்கூடும். ஆனால் கட்சியை மறைத்தால் அமெரிக்க ஆட்சியின் எலும்புக் கூட்டையே மறைத்ததாகும். அரசமைப்பில் கட்சி என்ற சொல்லே கிடையாது. எனினும் கட்சியின்றி அங்கே ஓர் அணுவும் அசையாது. ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற முறையால், மூன்றாம் கட்சி தலைதூக்குவது அரிதாகி, களம் இரண்டு பெருங்கட்சிகளின் உடைமையாயிற்று. அந்தக் கட்சிகளின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தல் முடிவு செய்கிறது. 'பிரைமரி' என்பர் அதனை. ஆகவே, பிரைமரியில் வாக்களிக்க முடியாதவன், பாதித் தேர்தலை இழந்தவன்.

டெய்லரைப் போன்ற தலைவர்கள் அந்நாளில் உண்மையாகவே இருந்தனர். கான்சாஸ் நகரத்தை ஆட்டிப் படைத்த டாம் பெண்டர்காஸ்ட், வரி ஏய்ப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றது, படம் வெளிவந்த அதே 1939ஆம் ஆண்டில்தான். அவர் அமைப்பின் ஆதரவோடு 1934இல் செனட்டரானவர் ஹாரி ட்ரூமன். பின்னாளில் குடியரசுத் தலைவர். ஏழைக்கு நிலக்கரி, வேலையற்றவனுக்கு வேலை, அதற்கு விலையாக வாக்கு: இதுவே நகர்தோறும் இத்தகைய கட்சி இயந்திரங்கள் நடத்திய வாணிகம். பசித்தவனுக்கு அரசு செய்ய வேண்டியதைச் செய்யாதபோது, கட்சித் தலைவன் செய்தான். நன்றியை வாக்காக வசூலித்தான். இந்த வேரைக் காட்டாமல், டெய்லரை வெறும் கொடியவனாகக் காட்டினால், அவன் போனதும் நோய் போய்விடும் என்றுதானே மக்கள் நம்புவர்?

மூன்றாம் கேள்வி: டெய்லர் ஒருவன்தானா?

அமெரிக்காவில் தொழிலதிபர், உழவர், மருத்துவர், தொழிலாளர், துப்பாக்கி வைத்திருப்போர் எனப் பல திறத்தாரும் அமைப்பு வைத்துக்கொண்டு, சட்டம் இயற்றுவோரை நெருக்குகின்றனர். அழுத்தக் குழுக்கள் என்கிறோம் அவற்றை. இவர்கள் இரவில் முகமூடி அணிந்து வருபவர் அல்லர். பட்டப்பகலில், பதிவு செய்துகொண்டு, சட்டப்படி வருகிறார்கள். அரசிடம் முறையிடும் உரிமையை 1791இன் முதல் திருத்தமே எல்லார்க்கும் வழங்கியிருக்கிறது. 1946இலும் 1995இலும் இயற்றிய சட்டங்கள், கணக்கைக் காட்டு என்றன. செய்யாதே என்று சொல்லவில்லை. அரசமைப்பை வகுத்தோருள் ஒருவரான மேடிசன், 1787இலேயே இதை எண்ணிப் பார்த்தார். உரிமை இருக்குமிடத்தில் குழுக்கள் தோன்றவே செய்யும். அவற்றை ஒழிக்க உரிமையை ஒழிப்பது மடமை. நாடு பெரிதாயின் குழுக்கள் பலவாகி ஒன்றையொன்று தடுக்கும் என்பது அவர் கருத்து.

கருத்து கூர்மையானதே. ஆனால் எல்லாக் குழுவுக்கும் ஒரே குரல்வளமா? வாஷிங்டனில் காங்கிரசையும் அரசையும் வற்புறுத்த ஓராண்டில் செலவிடப்படும் தொகை, 2023இல் 400 கோடி டாலருக்கு மேற்பட்டது. கூலிக்காரன் தன் பங்குக்கு எத்தனை டாலர் வைப்பான்? கம்பெனிகள் தேர்தல் நிதி கொடுக்கலாகாது என்று 1907இல் சட்டம் செய்தனர். 1976இல் உச்சநீதிமன்றம், தேர்தலில் பணம் செலவிடுவதும் பேச்சுரிமையைச் சார்ந்ததே என்றது. 2010இல், வேட்பாளர் கையில் கொடுக்காமல் தனித்துச் செலவு செய்வதாயின் கம்பெனிக்கும் வரம்பில்லை என்றது. பணம் பேசுமென்றால், பணமற்றவன் ஊமைதானே? டெய்லர் ஒருவன் மனம் மாறினால் தீரும் நோயா இது?

இனி, படத்தின் மணிமுடிக்கு வருவோம். ஓயாமல் பேசிச் சபையை முடக்கும் உரிமை. 'பிலிபஸ்டர்' என்பது அதன் பெயர். ஏழைக்கும் எளியோர்க்கும் கிடைத்த கடைசிப் படைக்கலம் என்று காப்ரா அதைக் காட்டுகிறார். கண்ணீர் மல்க மக்கள் பார்த்தார்கள். வரலாறு என்ன சொல்கிறது?

கும்பல் கூடிக் கருப்பின மக்களை அடித்தும் எரித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கொடுமையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் டையர் மசோதா, 1922 ஜனவரியில் கீழவையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநிலத்தார் பேசிப் பேசியே அவ்வாண்டில் அதைக் கொன்றனர். 1938இல் மற்றொரு மசோதா வந்தது. வாரக்கணக்கில் பேசி அதையும் புதைத்தனர். அடுத்த ஆண்டு இந்தப் படம்! சபையில் உண்மையாக ஒலித்த ஓயாப் பேச்சு கொலைகாரர்க்குக் கவசமாயிருந்த காலத்தில், திரையில் அது சிறுவர்க்கு அரணாக ஒலித்தது. 1957இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துச் செனட்டர் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். ஸ்மித்தின் சாதனையை நிஜமாக்கியவர் அவர். எதற்காக என்பதைத்தான் பாருங்கள்! 1964இன் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த பேச்சுகள் மாதக்கணக்கில் நீண்டன. ஜூன் 10ஆம் நாள் 71க்கு 29 என்று வாக்களித்துத்தான் செனட் அந்த வாயை மூடியது. கும்பற்கொலைத் தடைச் சட்டம் கையெழுத்தானது எப்போது? 2022 மார்ச்சில். டையர் மசோதா பிறந்து நூறாண்டு கழித்து! 2025இல் கருப்பினச் செனட்டரான கோரி புக்கர் 25 மணி நேரத்துக்கு மேல் பேசித் தர்மண்டின் நேரத்தைத் தாண்டினார் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் ஆயுதம் ஆயுதமே. ஏந்திய கைக்கு ஏற்பவே அது வெட்டும்.

படத்தில் ஒரு காட்சி. லிங்கன் நினைவகத்தில் ஸ்மித் நிற்கிறான். சுவரிலுள்ள லிங்கனின் சொற்களைச் சிறுவன் ஒருவன் படிக்கிறான். கருப்பின முதியவர் ஒருவர் தொப்பியை எடுத்து மார்பில் அணைத்து நிற்கிறார். அழகிய காட்சி. ஆனால் அந்த முதியவர் பேசவில்லை. அந்நாளில் செனட்டின் 96 இருக்கையில் ஒன்றிலேனும் அவர் இனத்தார் இல்லை; கீழவையில் ஒரே ஒருவர். இந்தப் படத்தின் முதற்காட்சி நடந்தது வாஷிங்டனின் அரசமைப்பு மண்டபத்தில். மரியன் ஆண்டர்சன் என்னும் கருப்பினப் பாடகிக்கு, அவ்வாண்டின் தொடக்கத்தில் கதவடைத்த மண்டபம் அது! அவர் ஏப்ரல் 9ஆம் நாள் அதே லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார்; எழுபத்தையாயிரம் பேர் கேட்டனர். திரையிலே ஊமையாய் நின்றவர், வெளியிலே குரல் எழுப்பினார். காப்ராவின் ஒளிப்பெட்டி அந்தக் குரலைப் பதிவு செய்யவில்லை.

இப்போது இன்னொரு ஸ்மித்தைக் காண்போம். இவர் கதையில் பிறந்தவர் அல்லர். லோனி ஸ்மித், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் பல் மருத்துவர், கருப்பினத்தவர். அங்கே ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவரே தேர்தலில் வென்றவர், எதிர்க்கட்சி பெயருக்குத்தான். அந்தப் பிரைமரியில் கருப்பின மக்கள் வாக்களிக்கக் கூடாதென்று 1923இல் மாநிலச் சட்டம் வந்தது. எல் பாசோ நகரின் கருப்பின மருத்துவர் நிக்சன் வழக்காடினார். 1927இல் உச்சநீதிமன்றம் சட்டத்தைத் தள்ளியது. உடனே, கட்சியின் செயற்குழுவே முடிவு செய்யட்டும் என்று மாநிலம் சட்டத்தை மாற்றியது. நிக்சன் மீண்டும் வழக்காடி 1932இல் வென்றார். உடனே, கட்சி மாநாடே தடைத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்துக் கருப்பினச் சவரத் தொழிலாளி குரோவி வழக்காடினார். கட்சி தனியார் சங்கம், தான் விரும்பியவரைச் சேர்க்கலாம் என்று 1935இல் நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். கதவு மூடியது.

மூடிய கதவின் முன் 1940இல் வந்து நின்றார் லோனி ஸ்மித். வாக்குச் சீட்டு கேட்டார்; மறுத்தனர். ஆனால் அவர் தனியே வரவில்லை. 1909இல் தோன்றிய, கருப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் பின்னே நின்றது. டெக்சாஸ் கிளைகள் நிதி திரட்டின. தர்குட் மார்ஷல் வழக்கை நடத்தினார். 1944 ஏப்ரல் 3ஆம் நாள், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் தன் ஒன்பதாண்டுப் பழைய தீர்ப்பைத் தானே தகர்த்தது. வெள்ளையர் பிரைமரி வீழ்ந்தது. இந்த ஸ்மித்தும் வாஷிங்டனுக்குப் போனார். வழக்காகப் போனார், இயக்கமாகப் போனார்.

இங்கே பகை மனம் மாறியதா? எந்தச் செனட்டரேனும் குற்றவாளி நானே என்று கூவினாரா? இல்லை. பகை இருந்த இடத்திலேயே இருந்தது. வாக்குரிமைக்கு வரி கேட்டது, எழுத்துத் தேர்வு வைத்தது. 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரையில், ஒவ்வொரு அங்குலமும் அமைப்பாகத் திரண்ட மக்கள் இழுத்துப் பெற்றதே. 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பற்களில் ஒன்றை உச்சநீதிமன்றம் பிடுங்கிவிட்டது. வென்றதைக் காக்கவும் அமைப்பு வேண்டும் என்பதே இதன் பொருள்.

கலை பாடநூல் அன்று, கனவு காட்டுவது கலையின் உரிமை என்பர் சிலர். உரிமையை நாம் மறுக்கவில்லை. எந்தக் கனவு என்று கேட்கிறோம். தனியொருவன் தொண்டை கிழியக் கத்தினால் கொடியவன் உள்ளம் உருகும் என்னும் கனவு, பார்ப்பவனை இருக்கையிலேயே கட்டிப்போடுகிறது. அவன் கைதட்டுவான், கண்ணீர் வடிப்பான், வீட்டுக்குப் போவான், அடுத்த ஸ்மித்துக்காகக் காத்திருப்பான். காத்திருக்கும் மக்களைக் கண்டு டெய்லர்கள் அஞ்சுவதில்லை. கட்சியின் உட்கூட்டத்திலும், குழு அறையிலும், நீதிமன்றத்திலும், வாக்குப் பதிவேட்டிலும் கணக்குக் கேட்கும் மக்களைக் கண்டே அஞ்சுகிறார்கள்.

இளைஞர்களே, படத்தைப் பாருங்கள்; ரசியுங்கள். சிறுவர்கள் அச்சகத்தில் மையோடு மல்லாடும் அந்தச் சில நிமிடக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். கதாநாயகன் மயங்கி விழும் இடத்தைவிட அதுவே உண்மைக்கு அருகில் இருக்கிறது. பிறகு, லோனி ஸ்மித்துக்கு முன்னே வழக்காடித் தோற்ற அந்தச் சவரத் தொழிலாளியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தோற்ற வழக்கிலிருந்து வெல்லும் வழக்கு வரை ஒன்பதாண்டு. அந்த ஒன்பதாண்டும் சங்கக் கூட்டம் நடத்தி, சந்தா வசூலித்து, அடுத்த வழக்குக்கு ஆள் தேடியவர்களை எந்தப் படமும் காட்டவில்லை. வாக்குச் சீட்டைப் பெற்றுத் தந்தவர்கள் அவர்களே.